டாக்டர் சொல்லாத 'போதும்'

அன்புள்ள ஜெபா,

போனில் நீ சொன்னதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்குப் பிறகு நீயும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது, வாசலில் ஆட்டோ நிற்கிறது என்று ஏதேதோ சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன்! இப்போது வெளியே நிற்க வேண்டியது என் முறை. எட்டு வருடமாக ஒரு படியை உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். அதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பாய், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூருக்கு இரண்டு நாளில் போய்விடும் என்று கேம்ப் ரோடு கூரியர் கடைக்காரர் சொல்கிறார். கைக்கு வந்ததும் பிரிக்காதே. சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, நிதானமாகப் படி.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உனக்கும் ஷீலாவுக்கும் ஜனவரியில் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் நம் சபையில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பை வாசித்து, இவர்கள் சேருவதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரியுமா என்று கேட்பார்களே, அதைப் பற்றித்தான் நீ பேசினாய். "தடை இருந்தா சொல்லுங்கன்னு போதகர் ஐயா கேக்கறப்ப நானே எந்திரிச்சு நிக்கணும்மா. டாக்டரே குணமாயிடுச்சுன்னாரு, மாத்திரை போதும்னாரு. அப்பவும் ரெண்டே மாசத்துல திரும்ப வந்துச்சு. ஒரு காரணமும் இல்லாம வந்துச்சு. நாளைக்கும் அப்படித்தான் வரும். தெரிஞ்சே ஒரு பொண்ணை இதுல இழுத்துவிட என்னால முடியாது. ஓலை வாசிக்க வேணாம்மா." இதுதானே நீ சொன்னது? போன மாதம் நான் உன்னிடம் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதா, பெண் வீட்டார் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். ஷீலாவிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொன்னேன். பட்டும் புத்தி வராத ஜென்மம் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும். அதே தவறை நான் முன்பே ஒரு முறை செய்திருக்கிறேன்.

நீ காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. முதலில் காலை பஸ்ஸை விட்டாய். பிறகு குளிப்பதை விட்டாய். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் "ம்" என்பாய், அந்த "ம்" கூடப் பத்து நாளில் நின்றுபோனது. உன் தட்டில் வைத்த தோசை காய்ந்து சுருண்டு கிடக்கும். அது ஒரு வியாதி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதே உண்மை. சோம்பேறி என்றேன். பக்கத்து வீட்டுப் பையன் பேரைச் சொல்லி ஒப்பிட்டேன். ஒரு நாள் போர்வையை உருவிவிட்டு, "எனக்கு மட்டும் காலைல எந்திரிக்க ஆசையா இருக்கா? போறேன்ல?" என்று கத்தினேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய், திரும்பிப் படுத்துக்கொண்டாய். கால் உடைந்து கிடப்பவனிடம் ஓட்டப்பந்தயத்துக்கு வா என்று நான் கத்தியிருக்கிறேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

அப்பாதான் உன்னை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவருடன் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர், தன் மனைவிக்கு இதே மாதிரி இருந்து சரியானதைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன் என்று பயந்து, கண் டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டுக் குரோம்பேட்டைக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது கையில் கண்ணாடிச் சீட்டு இல்லை, மாத்திரைப் பட்டை இருந்தது. நான் குதிக்கத்தான் செய்தேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வாய் உலர்கிறது, பகலிலும் தூக்கம் வருகிறது என்றாய். டாக்டர் அளவை மாற்றினார், பொறுத்திருக்கச் சொன்னார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, நீ அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னொரு தோசை இருக்காம்மா?" என்றாய். மாவு இருந்தது. சுட்டுப் போட்டேன். அன்று முதல் பீரியடுக்கு நான் தாமதமாகப் போனேன், தலைமை ஆசிரியை கேட்டபோது பஸ் வரவில்லை என்றேன்.

இனிதான் நான் மறைத்து வைத்த படி. எஸ்தர் அக்கா வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்காக அங்கே எத்தனை பேர் உபவாசம் இருந்தார்கள்! நீ மறுபடியும் காலேஜ் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆனபோது, எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்து, "டீச்சர், ஆண்டவர் செஞ்சதை இன்னைக்கு நீங்க சாட்சியா சொல்லலாமே" என்றார்கள். எழுந்து நின்றேன். முப்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகனை ஆண்டவர் குணமாக்கினார் என்றேன். அது வரைக்கும் நிஜம், அதை இன்றைக்கும் சொல்வேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எல்லாரும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லச் சொல்ல எனக்கு ஏதோ ஏறிவிட்டது. "ஒரு மருந்து இல்லை, ஒரு மாத்திரை இல்லை, முழுக்க முழுக்க ஜெபத்தாலேயே" என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் எஸ்தர் அக்காவே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் டிபன் சாப்பிட உட்கார்ந்தார்கள். மருந்து சாப்பிடுவதை அந்த வீட்டில் ஒருவரும் குறையாக நினைத்திருக்க மாட்டார்கள். என் மகனுக்கு மனநல டாக்டரின் மாத்திரை என்பது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க இதே நினைப்புதான். சாட்சி என்று எழுந்து நின்று, ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிறேன். என்ன செய்யலாம்? அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து, சொன்னது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. வேறொரு வழி தோன்றியது. மாத்திரையை நிறுத்திவிட்டால், இனிமேலாவது நான் சொன்னது நிஜமாகிவிடும் அல்லவா? விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப கணக்கைத் திருத்தும் பிள்ளைகளைப் போல யோசித்திருக்கிறேன். உனக்குப் பரீட்சை நேரம், அப்பாவுக்கு ஷிஃப்ட். நான் மட்டும் குரோம்பேட்டைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது இன்றைக்கும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "நல்லா இருக்கறப்பதான்மா நிறுத்தணும்னு தோணும். இன்னும் கொஞ்ச மாசம் இதே அளவுல போகட்டும். நிறுத்தறப்பவும் நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். பட்டுனு நிறுத்திடாதீங்க." சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உன்னிடம், "குணமாயிடுச்சு, போதும்னுட்டார்டா, நாளையில இருந்து மாத்திரை வேணாம்" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, ஜெபா. நான்தான் சொன்னேன். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், "வெயிட் போட்டுட்டம்மா" என்று சிரித்தாய். மீதி இருந்த மாத்திரைகளை நான்தான் குப்பையில் போட்டேன். இரண்டு மாதத்தில் நீ மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய், இந்த முறை முன்னைவிட மோசமாக. எனக்குக் காரணம் தெரியும், உனக்குத் தெரியாது. அதே டாக்டரிடம் போனால் குட்டு உடைந்துவிடும் என்று, அவருக்குக் கைராசி இல்லை, சரியாகப் பார்க்கத் தெரியாதவர் என்று அவர் மேல் பழி போட்டேன். அப்பாவும் நம்பினார். இன்னொரு டாக்டரைத் தேடுவதாகச் சொல்லி வாரக்கணக்கில் இழுத்தடித்தேன்.

அந்த வாரங்களில் ஒன்றில்தான் நீ காலையில் கிளம்பிப் போய்ப் பிற்பகல் வரை வீட்டுக்கு வராத நாள் வந்தது. நானும் அப்பாவும் தேடி அலைந்து வந்தபோது, சானடோரியம் ஸ்டேஷனில், பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். வருகிற ரயில் எதிலும் ஏறாமல் காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாய். அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டுக்கொண்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். நீ அழுதுகொண்டே சொன்னாய்: "மாத்திரையும் சாப்ட்டேன், ஜெபமும் பண்ணீங்க. எனக்கு மட்டும் எதுவுமே வேலை செய்யலப்பா. நான்தான் ஏதோ கெட்டுப்போய்க் கிடக்கேன்." அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நீ இல்லடா, அம்மாதான் நிறுத்தினேன்' என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நான் உன்னைப் பெற்ற நாளிலிருந்து செய்த தவறுகளில் மாத்திரையை நிறுத்தியதுகூட இரண்டாவதுதான். அன்று பேசாமல் நின்றதே முதலாவது.

அதற்குப் பிறகு நடந்தவை உன்னுடைய உழைப்பு, அதில் எனக்குப் பெரிய பங்கில்லை. பல்லாவரத்து டாக்டரம்மாவிடம் போனோம். இடையில் மாத்திரை நின்றதா என்று அவர் கேட்டபோது, பையன் பாதியில் விட்டுவிட்டான் என்று உனக்குக் கேட்காமல் சொல்லிவைத்தேன். அது இன்னொரு பொய். அவர் கொடுத்த மருந்தோடு, கோவிலம்பாக்கத்தில் மனநல கவுன்சிலர் ஒருவரையும் வாரம் ஒரு முறை பார்க்கச் சொன்னார். அந்த அம்மா உன்னிடம் ஒரு நோட்டு கொடுத்தார்கள், தினமும் செய்ததை எழுதி, செய்வதற்கு முன் மனசு எப்படி இருந்தது, பின் எப்படி இருந்தது என்றும் எழுதச் சொல்லி. முதல் பக்கத்தில் நீ "பல் விளக்கினேன்" என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். "எந்திரிக்கணும்னு தோணட்டும், அப்புறம் எந்திரிப்பான்னு காத்துட்டு இருக்காதீங்கம்மா. இதுல எந்திரிச்சப்புறம்தான் தோணும். பெருசா எதுவும் கேக்காதீங்க. கூட உக்காருங்க, சின்ன வேலையா ஒண்ணு கேளுங்க" என்றார்கள். அன்றிலிருந்து உன்னிடம் பூண்டு உரிக்கக் கேட்டேன். நம் வீட்டில் அந்த வருடம் செலவான பூண்டு ஒரு கல்யாணத்துக்கே போதும்.

அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு உன்னைச் சேலையூர் ஏரிக்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனார். முதல் வாரம் தெருமுனை வரைக்கும்தான் போய்த் திரும்பினீர்கள். பிறகு உன் சிநேகிதன் சலீம் வந்தான். அவனுடைய மின்சாமான் கடை அப்போதுதான் திறந்திருந்தது. வாசலில் நின்றுகொண்டு, "இன்னா மச்சான், எப்பப் பாத்தாலும் வூட்டுக்குள்ளயே கீற? கடைக்கு வா. பேசாங்காட்டியும் பரவால்ல, சும்மா குந்திகினு இரு" என்றான். உன்னைச் சிரிக்க வைக்கப் பார்க்காமல், புத்தி சொல்லாமல், ஸ்டூலைப் போட்டுக் கொடுத்து, பல்பு வாங்குபவர்களுக்கு அதை எரியவிட்டுக் காட்டும் வேலையைத் தந்தான். படித்த டீச்சருக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருடம் போனாலும் படிப்பை முடித்தாய், வேலைக்குப் போனாய். இன்றைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரம்மாவைப் பார்க்க ரயிலேறி வருகிறாய். இடையில் ஒரு மழைக்காலத்தில் மறுபடியும் இலேசாகத் தலைகாட்டியபோது, நீயே தூக்கம் கெடுவதைக் கவனித்து, நீயே போன் பண்ணி, அளவை மாற்றிக்கொண்டாய். அந்த முறை நீ வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. இதெல்லாம் எதுவும் வேலை செய்யாத ஒருத்தனுடைய கதையா, நீயே சொல்.

போன வியாழக்கிழமை பழைய குரோம்பேட்டை டாக்டரைத் தேடிப் போனேன். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, கிளினிக் மட்டும் அதே மாடியில்தான். நடந்ததைச் சொன்னேன், அவர் பேரைக் கெடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் அவனுக்குத் திரும்ப வந்திருக்காதா என்று கேட்டேன். "அதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. மருந்து சாப்பிடறவங்களுக்கும் சில நேரம் வரும். ஆனா அன்னிக்கு நிறுத்தினதால வர்றதுக்கான வாய்ப்பு நிச்சயமா கூடுச்சு. பையன்கிட்ட சொல்லிடுங்க. மருந்தே பலிக்காத உடம்புன்னு அவர் நினைச்சுட்டு இருந்தா, அது தப்பான கணக்கு" என்றார். அதனால் இனிமேல் உனக்கு வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய்ச் சாட்சி. வரலாம். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்பாவிடம் அன்று மாலையே சொன்னேன். பழைய பேப்பரைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இறங்கி வந்து, "அன்னிக்கு ஸ்டேஷன்ல அவன் அழுதப்ப நீ பக்கத்துலதானே இருந்த?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எழுது. நான் போய்ப் போட்டுட்டு வரேன்" என்றார். நீயும் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. எனக்கு அது நியாயம்தான். கோபத்தில் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே, நடையையும் விடாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பழைய சீட்டு வைத்திருக்கிறேன். அன்று குரோம்பேட்டை டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஏன் கிழித்துப் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை, பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் அது என்னோடு கோயிலுக்கு வந்துபோயிருக்கிறது. கடைசி வரியைப் படி: மருந்தைத் தொடரவும், நிறுத்தக் கூடாது என்று இருக்கும், அடியில் கோடும் போட்டிருப்பார். அந்த ஜெபக்கூட்டத்திலும் நான் சொன்னதைத் திருத்த வேண்டும். ஆனால் அது உன் உடம்பு, உன் கதை. முன்பு உன்னைக் கேட்காமல் எழுந்து நின்றேன். இந்த முறை நீ சரி என்றால்தான் எழுவேன்.

ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொல். நான் மறைக்கச் சொன்னதை மறந்துவிடு. அவள் வந்து டாக்டரம்மாவிடம் கேட்க ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு வா. என்னிடம் கேட்க வேண்டுமென்றாலும் கேட்கட்டும், நான் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் அது அவளுடைய உரிமை, நமக்கு வலிக்கும், வீட்டுக்கு வா, நான் தோசை சுடுகிறேன். சரி என்றால் அதுவும் அவள் தெரிந்து சொன்ன சரியாக இருக்கட்டும். ஆனால் நீயாக, நான் தப்பாகப் போட்ட கணக்கை நம்பி, அவளிடம் கேட்காமலே அவளுக்கும் சேர்த்து முடிவு எடுத்துவிடாதே. மற்றவருக்காகக் கேட்காமல் முடிவு எடுப்பது உன் அம்மாவின் புத்தி. அது உனக்கு வேண்டாம்.

ஓலை வாசிப்பதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை அப்பா நேற்று நிரப்பிவிட்டார். உன் பேரும் ஷீலா பேரும் அழகாக எழுதியிருக்கிறார். முன்பிருந்த நான் என்றால், நீ வேண்டாம் என்றதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல், இந்நேரம் போதகர் ஐயா கையில் கொடுத்துவிட்டு வந்து, கொடுத்தாகிவிட்டதடா என்று உன்னிடம் சொல்லியிருப்பேன். இப்போது அது என் கைப்பையில் இருக்கிறது. நீ போன் பண்ணி, "கொடும்மா" என்று உன் வாயால் சொல்லும் வரைக்கும் அங்கேயே இருக்கும்.

அம்மா